தராசுமேல் நிற்கும் முறை

இந்தத் தடவை விழுந்தது குருசாமி. தோளில் மூட்டை இல்லை, கையில் கொக்கி இல்லை, மிளகாய் வத்தல் மண்டியின் மேடைத் தராசுமேல் ஏறி நின்று ஒரு தாட்டு மூட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்த மனுஷன், தொடை ரெண்டும் வெடவெடவென்று ஆட, வாயைப் பிளந்து மூச்சை இழுத்துக்கொண்டு, இரும்புப் பலகைமேல் முதலில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்து, பிறகு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். உள்ளங்கை ரெண்டிலும் புதுக் கொப்புளம். மூட்டை தூக்குகிறவன் கை முதல் வருஷத்திலேயே காய்த்துப்போகும், அதற்குப் பிறகு அதில் கொப்புளம் கிளம்பாது, அதனால் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இது மாடியிலிருந்து வந்த கொப்புளம்.

மாடியில் ஒரு வங்கி மேலாளர் ரோயிங் மெஷினை விட்டு இறங்கி, நெற்றியில் பொட்டு வேர்வை இல்லாமல், சீட்டியடித்துக்கொண்டே கண்ணாடியில் தன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஓட்டினாராம்?" என்று கேட்டார் கோட்டைச்சாமி மேஸ்திரி. மண்டியில் மூட்டை தூக்கும் அத்தனை பேருக்கும் அவர்தான் தலை.

"அஞ்சு கிலோமீட்டராம் மேஸ்திரி." மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த வெயிலுமுத்து சொன்னான்.

"அப்ப மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டான். நிழலுக்கு இழுத்துப் போடுங்க. அடுத்த முறை யாரு? ஏறு."

ஏறினார்கள்.

முதலாளி பொன்னுரங்கத்தின் மகன் தருண் பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து, மண்டி மாடியில் கிடந்த பழைய சாக்குகளையும் எலிகளையும் வெளியேற்றி, சுவர் முழுக்கக் கண்ணாடியும் தரை முழுக்கக் கறுப்பு ரப்பரும் போட்டு, ஏசி வைத்து, ஜிம் திறந்தான். இரும்புச் சொம்பு மாதிரி கெட்டில்பெல், மலைப்பாம்பு மாதிரி கயிறு, மண் அடைத்த பைகள், எல்லாவற்றையும் மூட்டைக்காரர்கள்தான் மாடிக்குச் சுமந்தார்கள். 'அன்றாட வேலைக்கு உடம்பைத் தயார் செய்யும் ஃபங்ஷனல் ட்ரெய்னிங்' என்று பலகையில் எழுதியிருந்தது. வேலை என்ன வேலை என்றால், மண்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து, எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பது. ஒரு பையும் எந்த லாரியிலும் ஏறவில்லை. கடைசியாக வந்தது ரோயிங் மெஷின். ஆறு என்ற பேருக்கு மணலையும் ஏரி என்ற பேருக்கு முள்ளையும் வைத்திருக்கிற அந்த ஊரில், சறுக்குகிற ஆசனத்தில் உட்கார்ந்து, காலை வாரில் மாட்டி, சங்கிலிப் பிடியை நெஞ்சுக்கு இழுத்து இழுத்து, உஸ்ஸென்று காற்றாடி சுற்ற, நகராத படகை மனுஷர்கள் விடியற்காலையிலிருந்து ஓட்டினார்கள். மூட்டைக்காரர்கள் அதற்குப் படகு என்றே பெயர் வைத்தார்கள்.

படகு வந்த வாரமே அசதி ஒழுக ஆரம்பித்தது. மேலே இழுக்கிறவருக்கு உடம்பு ஏறியது, புஜம் திரண்டது, தொப்பை வற்றியது, அசதி மட்டும் அவரிடம் தங்காமல் தளத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, அப்போது தராசுமேல் யார் நின்றாரோ அவருக்குள் போனது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாள் படகை நகர்த்திப் பார்த்தார்கள். கண்ணாடிப் பக்கம் வைத்தார்கள், கழிவறைப் பக்கம் வைத்தார்கள், எங்கே வைத்தாலும் அசதி தராசைத் தேடிக்கொண்டு வந்தது. தராசை நகர்த்தினார்கள், அதுவும் பின்னாலேயே நகர்ந்தது. எடை இருக்கிற சாமான் எடை போடுகிற இடத்துக்குத்தானே வரும் என்று முதலாளி சொன்னார், அதை எல்லோரும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள், யாரிடமும் அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அப்படியானால் ஜிம் நடக்கிற நேரத்தில் தராசுமேல் ஆளே ஏறவேண்டாம் என்று ஒரு நாள் விட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு அசதி மொத்தமும் வத்தலுக்குள் இறங்கியது. எண்ணெய் மினுங்குகிற சிவப்பு போய், ஒவ்வொரு வத்தலும் தூக்கம் கெட்ட கண் மாதிரி மங்கி, காம்பு தொங்கிக் கிடந்தது. மண்டி கட்டிய நாளிலிருந்து அதற்குள் தும்மாமல் யாரும் நின்றதில்லை, அன்றைக்கு ஒருத்தரும் தும்மவில்லை. மூன்றாம் நாள் சரக்கு லாரியோடு திரும்பி வந்தது.

"வத்தல் அசந்துபோய் இருக்குன்னு அனுப்பிட்டான்யா!" பொன்னுரங்கம் முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "மேஸ்திரி, ஆளை நிறுத்து. எவனாச்சும் நில்லுங்க. மனுசன் அசந்தா தூங்கி எந்திரிப்பான், வத்தல் எந்திரிக்குமா?"

இந்த இடத்தில் மேஸ்திரி ஒன்று செய்தார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் மாடிக்கு ஏறி அந்தப் படகைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பான், இல்லை வேலையை நிறுத்தியிருப்பான். கோட்டைச்சாமி முறை போட்டார். அந்த மண்டியில் எதுவாக இருந்தாலும் முறைதான். எந்த லாரிக்கு யார் ஏறுவது, செத்த வீட்டுக்கு மாலையோடு யார் போவது, போலீஸ் ஆள் கேட்டு வந்தால் யார் போய் நிற்பது, கோயில் கொடைக்கு யார் தீச்சட்டிக்காரனுக்குக் குடை பிடிப்பது, எல்லாம் வரிசைப்படி, ஒருத்தன் தப்பாமல், ஒருத்தன் மேல் ரெண்டு தடவை விழாமல். அதில் அவர்களுக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு அசதியையும் வரிசையில் சேர்த்தார்கள். முறை என்று ஆன நிமிஷமே அது வேலையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஏன் என்று கேட்க ஆளில்லை, இன்றைக்கு யார் என்பதுதான் கேள்வி.

ஊர் அதைச் சாவகாசமாகத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அசராமல் உடம்பு ஏறுகிற ஜிம் என்று பேர் பரவி, பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் கார் வந்தது. மண்பை சுமந்து, கெட்டில்பெல் வீசி, கயிறு அடித்து முடித்துவிட்டுக் கடைசியில் படகில் உட்கார்ந்தால், அதுவரைக்கும் சேர்ந்த அசதியும் சேர்ந்து வடிந்துவிடுகிறது என்பதை ஒரு நகைக்கடைக்காரர் கண்டுபிடித்தார், பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். ஒரு டாக்டர் கீழே இறங்கி வந்து தராசுமேல் நிற்கிறவனுக்கு மூச்சை எப்படி விடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஒரு டீச்சரம்மா, பாவம் என்று நினைத்து, வண்டி தள்ளுகிற மாதிரி மெதுவாக ஓட்டுவார், அவர் வருகிற நேரத்துக்கு நிற்கக் கீழே அடிபிடி நடந்தது. தருண் நல்லவன் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டு, நிற்கிறவனுக்கு ஒரு வாழைப்பழம் என்று ஏற்பாடு செய்தான்.

"நேத்து பழம் கனியல சின்ன முதலாளி," என்பார் குருசாமி.

"கோச்னு சொல்லுங்கண்ணே."

"பழம் கனியல கோச்சு."

இப்படிச் சிரித்துக்கொண்டே அவர்கள் விழுந்தார்கள்.

வெயிலுமுத்துவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடமும் பிடிக்கவில்லை, பிளஸ் ஒன் பாதியில் பையை வீட்டில் எறிந்துவிட்டு வந்துவிட்டான். படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொன்னது, அவனைக் கேட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்பான். அம்மா இல்லை, அப்பன் கேரளாவுக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டார், அக்கா மாரீஸ்வரிதான் அவனுக்கு எல்லாம். அவளுக்கு அதே மண்டியில் வத்தல் காம்பு கிள்ளுகிற வேலை. குவித்த வத்தலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொழுதுக்கும் கிள்ளுவாள், நெடி ஏறி ஏறி அவள் நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு கீச்சுச் சத்தம், உள்ளே குருவி ஒன்று மாட்டிக்கொண்ட மாதிரி. வெயிலுமுத்து குருசாமியைப் பார்ப்பான். நாற்பது வயசில் முதுகு வளைந்து, செருப்பு மாட்ட சுவரைப் பிடிக்கிற ஆள். இருபது வருஷம் கழித்து நான் இதுதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தபிறகு எப்படித் தூங்குவது?

மூட்டைக்காரர்கள் ஒரு நாள் கூடிப் பேசி, படகை நிறுத்தச் சொல்லுங்கள் என்று மேஸ்திரியை முதலாளியிடம் அனுப்பினார்கள். போனவர் ரொம்ப நேரம் கழித்து, வெற்றிலை போட்ட வாயோடு வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்," என்றார்.

"நிறுத்திட்டாகளா?"

"நிறுத்துறதா? மத்தியானம் ஜிம்மு சும்மாதான கெடக்கு, அந்த நேரம் பூராம் நமக்கு. காசு கிடையாது. நாமளும் படகு ஓட்டலாம்லே!"

சத்தம் போட்டுக் கொண்டாடினார்கள். வெடி மட்டும்தான் போடவில்லை.

"அப்ப கீழ யாரு நிக்கிறது?" என்று கேட்டான் வெயிலுமுத்து.

மேஸ்திரி காம்பு கிள்ளுகிற பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"தாயீகளா, ஒரு மணி நேரந்தான். உங்களுது உக்காந்து செய்யுற வேல. உடம்புல தெம்பு அப்படியே மிச்சம் கெடக்கும்ல?"

மாரீஸ்வரி கையில் இருந்த வத்தலைக் குவியலில் போட்டாள். "கூரை ஒழுகுற இடத்துல சட்டிய வைப்பாக. நீங்க எங்கள வைக்கிறீக. கெட்டிக்காரருதான் மேஸ்திரி."

"முறைதானம்மா. எல்லாருக்கும் ஒண்ணுபோல."

"எல்லாருக்கும்னா? எங்க அசதிய எங்க எறக்கி வைக்க? எங்களுக்குக் கீழ தரைதான இருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே படியில் கால் வைத்துவிட்டார்கள். நிற்க மாட்டேன் என்று சொன்னவளுக்கு மறுநாள் காம்பு கிள்ள இடம் இருக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வெயிலுமுத்துவும் படியேறினான். பிடிக்காதவன் ஏன் ஏறினான் என்றால், ஏறினான், அவ்வளவுதான். கால் கழுவிவிட்டு, ரப்பர் தரையில் வெறுங்காலோடு நடந்து, அவன் முறைக்குப் படகில் உட்கார்ந்து பிடியை இழுத்தான். நாலாவது இழுப்பில், காலையிலிருந்து இறக்கிய ரெண்டு லாரி மூட்டையும் முதுகிலிருந்து கழன்று விழுந்தன. பத்தாவது இழுப்பில், போன வாரத்து மூட்டைகள். அதற்குப் பிறகு போன மாசத்தது, போன வருஷத்தது, பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன வழி, ஒவ்வொன்றாக எலும்பை விட்டு இறங்கி ரப்பருக்குள் போய், உடம்பு அப்போதுதான் வெள்ளையடித்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பதினெட்டு வயசுப் பையனுக்குப் பதினெட்டு வயசு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சத்தமாகச் சிரித்தான். கீழே நின்றது யார் என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

அவன் இழுக்கிற இழுப்பைத் தருண் பார்த்துவிட்டான். திரையில் ஓடுகிற எண்ணைக் குனிந்து பார்த்து, தட்டிப் பார்த்து, மெஷின் கெட்டுப்போகவில்லை என்று தெரிந்ததும் அவன் தோளில் கை போட்டான். அதுவரைக்கும் முதலாளி வீட்டுக் கை எதுவும் அந்தத் தோளைத் தொட்டதில்லை.

"டேய், மதுரைல ரெண்டாவது பிராஞ்ச் திறக்கிறேன். கோச் வேணும். ஆயுத பூஜை அன்னைக்குப் போட்டி. மண்பை, கெட்டில்பெல், கடைசில அஞ்சு கிலோமீட்டர் படகு. ஜெயிச்சா நீதான். மூட்டையெல்லாம் மறந்துரு."

"நெசமாவா?"

"பனியன்ல உன் பேரே அடிச்சுத் தர்றேன்."

பனியனில் பெயர். அவன் பெயர் அதுவரைக்கும் ரேஷன் கார்டில்தான் அடித்திருந்தது, அதுவும் தப்பாக.

போட்டி பெண்கள் நிற்கிற மத்தியான நேரத்தில், ஓட்டுகிறவர்கள் மூன்று பேர், அதாவது மூன்று பேரின் அசதி, மூன்றும் வெறிபிடித்த அசதி, அது கீழே மூன்று பேர் மேல் இறங்கும் என்று பெண்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின ராத்திரி மாரீஸ்வரி சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், நாளைக்குக் கடைசி முறை தனக்குத்தான் என்று.

அவன் கை சோற்றில் நின்றது. "கடைசியா ஓட்டுறது நாந்தான்க்கா."

"தெரியும். அதுக்குத்தான் சொல்லுறேன்."

"வேற யாருகிட்டயாச்சும் மாத்திக்க."

"எவகிட்ட? நான் விழக்கூடாது, எனக்குப் பதிலா நீ விழுன்னு எவகிட்டப் போய்க் கேக்க? நீ போய்க் கேளேன்."

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"ஜெயிக்கணுமா, வேணாமா?"

"ஜெயிக்கணும்."

"அப்ப மூடிக்கிட்டுத் தின்னு. பாவம் பாத்து மெதுவா கிதுவா ஓட்டித் தொலைக்காத. தோத்தேன்னா நான் நின்னதும் தெண்டம்." இருமினாள். குருவி கீச்சிட்டது. "குழம்பு வேணுமா?"

ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் படகுக்கும் ஒரே சந்தனத்தைக் குழைத்துப் பூசினார்கள். ரெண்டுக்கும் மாலை, ரெண்டுக்கும் பொரிகடலை. பொன்னுரங்கம் முதலாளி பூசணிக்காய் உடைத்துவிட்டு மாடியேறி நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் வங்கி மேலாளர் ஓட்டினார். கீழே நின்ற பெண்ணை ரெண்டு பேர் பிடித்துக் கொண்டுபோய்ச் சாக்கில் சாய்த்தார்கள். அடுத்து ஒரு பி.டி. மாஸ்டர், பழைய கபடி ஆள், வெறித்தனமாக ஓட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். கீழே நின்றவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவளுக்கும் வாழைப்பழம் உண்டு, ஆனால் தின்ன முடியவில்லை.

மூன்றாவது வெயிலுமுத்து. மண்பையைத் தோளில் போட்டுக் கண்ணாடிக்குக் கண்ணாடி நடந்தான், அவனுக்கு அது மூட்டையே இல்லை, தலையணை. கெட்டில்பெல்லை வீசினான். அந்த ரெண்டிலும் கிடைத்த களைப்பு அவனுக்குள்ளேயே இருந்தது, மூச்சு இரைத்தது, கை கடுத்தது, அதோடு போய்ப் படகில் உட்கார்ந்து, காலை வாரில் மாட்டி, பிடியைப் பற்றி இழுத்தான். எல்லாம் இறங்கியது.

இழுத்தான். காற்றாடி அலறியது. பி.டி. மாஸ்டரின் நேரம் ஒரு அட்டையில் எழுதி எதிரே மாட்டியிருந்தது, அதற்கு ரெண்டு மூச்சு முன்னால் இருந்தான், பிறகு ஒரு மூச்சு பின்னால், பிறகு சமம். மூட்டைக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று, லாரி இறக்கும்போது போடுகிற சத்தத்தைப் போட்டார்கள், ஏலேலோ இல்லை, அவர்கள் சத்தம், வெறும் 'ஹேய்ங், ஹேய்ங்' என்று அடிவயிற்றிலிருந்து வருவது, அந்தச் சத்தத்துக்கு அவன் போக, அவனுக்கு அந்தச் சத்தம் வர, மாடியே கயிறு அவிழ்த்துவிட்ட தோணி மாதிரி ஆடியது. பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. உடம்பில் ஒரு வலியும் இல்லை. இதயம் தூங்குகிற பிள்ளையின் இதயம் மாதிரி மெத்தென்று அடித்துக்கொண்டிருந்தது. வேண்டுமானால் மதுரை வரைக்கும் இப்படியே போகலாம்.

அப்போது ஜன்னலுக்குக் கீழே, மண்டியில் ஓயாமல் கேட்கிற தும்மல் நின்றது. கத்தல் ஒன்று, பிறகு பல காலடி. குருசாமி படியில் பாதி ஏறி, ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைக்கு மூச்சு வரலடா!" என்று கத்தினார். ஹேய்ங் சத்தம் ஒவ்வொரு வாயாக அடங்கியது.

"இறக்கி விடவேண்டியதுதானே?" என்றார் முதலாளி.

"தராசை விட்டுக் கால் வரல முதலாளி. நாலு பேரு இழுக்கோம். ஒட்டிக்கிட்டு நிக்குது."

கோட்டைச்சாமி மேஸ்திரி குருசாமியை விலக்கிக்கொண்டு மேலே வந்தார். செருப்போடு ரப்பர் தரையில் நடந்தார். முறையில் ஒரு தடவைகூட நடுவில் பேசாத மனுஷன், படகுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, வெயிலுமுத்துவின் காதில் வாயை வைத்தார்.

"கையை விட்டுரு வெயிலு. நான் சொல்லல. உங்கக்கா சொல்லச் சொன்னா. தம்பிய விடச் சொல்லுங்கன்னு சொன்னா. அதுக்கப்புறம் அவளுக்குப் பேச்சில்ல."

"இன்னும் கொஞ்சம்தாண்டா," என்றான் தருண், திரையைப் பார்த்துக்கொண்டு. "முந்நூறு மீட்டர்."

வெயிலுமுத்து மேஸ்திரியைப் பார்த்தான். மெதுவா ஓட்டாதே என்று நேற்றுச் சொன்னவளும் அவள்தான், இன்றைக்கு விடச் சொல்கிறவளும் அவள்தான், ரெண்டில் எது அவள் பேச்சு என்று யோசித்தான். யோசிக்கிற நேரத்தில் ரெண்டு தடவை இழுத்துவிட்டான். நிறுத்துவதற்கு உடம்பு ஒரு காரணம் கொடுத்தால் நிறுத்தலாம். தொடை நடுங்கினால், நெஞ்சு அடைத்தால், கண் இருட்டினால் நிறுத்தலாம். ஒன்றும் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது. திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது.

"விடுடா," என்றார் மேஸ்திரி. அழுதார். "விரலைத் திறடா."

சின்ன வயசிலிருந்து அவனிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், உட்கார், படி, தூக்கு, இறக்கு, இன்னொன்று தூக்கு என்று. பலமே தேவைப்படாத வேலையை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்கள், பிடித்திருக்கிற விரலைத் திறக்கச் சொன்னார்கள். அவன் திறக்கவில்லை.